ஆவுடை நெஞ்சில் எழுநூறு கல்யாணம்

தாழையூர்க்காரர்களைக் கேட்டால் இன்றைக்கும் அதை அதிசயம் என்றுதான் சொல்வார்கள், சொல்லட்டும், வாய் அவர்களுடையது, ஆனால் ஆடி பிறந்த மூன்றாம் நாள் காலையில், வாசல் தெளித்துவிட்டு நிமிர்ந்த ஆவுடை ஒரு இருமல் இருமியபோது, அவள் வாயிலிருந்து முழ நீளத்துக்குச் சாம்பல் நிறத்தில் புகை வந்து, அந்தப் புகையில் உரக்கடைக்காரர் மகள் கல்யாணத்துச் சாம்பாரும் அவியலும் அடைப்பிரதமனும் பந்தி வரிசை தப்பாமல் மணத்தபோது, எதிர்வீட்டுக்காரி கேட்ட முதல் கேள்வி "எக்கா, ஒடம்புக்கு என்ன செய்யுது?" என்பதல்ல. "எக்கா, இது ஆனி கடைசி முகூர்த்தத்துச் சாம்பார்லா?" என்பதுதான்.

ஆவுடை யார் என்றால், அந்த ஊர் வணிகர் சங்கக் கல்யாண மண்டபத்தில் இருபத்தாறு வருஷமாகத் தீ பார்க்கிறவள். சமையல் மாஸ்டர்கள் கல்யாணத்துக்குக் கல்யாணம் மாறுவார்கள், தேங்காய் துருவுகிறவர்களும் பந்தி விளம்புகிறவர்களும் அவர்களோடு வேனில் வந்து வேனிலேயே போவார்கள், ஆனால் கோட்டை அடுப்பு என்று சொல்லும் ஆள் நீளச் செங்கல் அடுப்பு நாலும் மண்டபத்தோடது, அதில் உடைமர விறகைத் தள்ளி, ஈரவிறகாக இருந்தால் குழல் வைத்து ஊதி, பருப்புக்கு ஒரு தீ பாயசத்துக்கு ஒரு தீ என்று பார்த்துக் கொடுக்கிற ஆவுடையும் மண்டபத்தோடதுதான். வாசலில் 'இங்கே விறகடுப்புச் சமையல் மட்டுமே' என்று பெரிய போர்டு. பக்கத்து ஊர் மண்டபமெல்லாம் கேஸுக்கு மாறிய பிறகு, அந்தப் போர்டுக்காகவே வெளியூர்க்காரர்கள் வந்து தேதி பிடித்தார்கள். விறகு ருசி நாக்குக்கு, விறகுப் புகை ஆவுடைக்கு என்று எந்தப் புண்ணியவான் பங்கு பிரித்தானோ தெரியாது. சாப்பிட்டு ஏப்பம் விட்டவர்கள் மாஸ்டரைத் தேடிப்போய்க் கைகொடுத்தார்களே ஒழிய, தீ பார்த்தவள் யார் என்று ஒருத்தரும் அடுப்படியை எட்டிப் பார்த்ததில்லை.

அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்து ஐந்தாறு வருஷம் இருக்கும். ஊரிலேயே நீளமான குலவை அவளுடையது, மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததிலிருந்து மூணாவது முடிச்சு விழுகிற வரைக்கும் ஒரே மூச்சில் போகும். அது முதலில் பாதியாச்சு, பிறகு காலாச்சு, பிறகு மற்றவர்கள் குலவை போடும்போது அவள் சும்மா வாயைத் திறந்து மூடிக்கொண்டாள். குடம் தூக்கினால் இளைப்பு, நாலு படி ஏறினால் இளைப்பு, மல்லாக்கப் படுத்தால் நெஞ்சில் யாரோ அம்மிக்கல்லை ஏற்றின மாதிரி இருக்கும் என்று சுவரில் சாய்ந்துகொண்டே தூங்கப் பழகினாள். பஜார் டாக்டர் சேலைக்கு மேலேயே ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, "பீடி, சிகரெட் உண்டா?" என்று கேட்டார். "ஐயையோ, என்ன சார் கேக்குதிய!" என்று அவள் கூசிப்போனாள். "அப்ப நுரையீரல்ல ஒண்ணும் இருக்காதும்மா. வயசு, ரத்தச்சோகை," என்று சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். அம்பத்திரண்டெல்லாம் ஒரு வயசா, அதையும்தான் அவரிடம் யாராவது கேட்டிருக்கலாம்.

சரி, புகைக்கு வருவோம். எதிர்வீட்டுக்காரி வாய் சும்மா இருக்குமா? மத்தியானத்துக்குள் தெருவே கூடிவிட்டது. இலைக்கட்டில் மேலே கிடக்கிற இலை முதலில் வருகிற மாதிரி, கடைசியாக அவளுக்குள் போன கல்யாணம் முதலில் வந்தது, அதற்கு முந்தினது அதற்குப் பின்னால் வந்தது, இப்படி நாளுக்கு ஏழெட்டுக் கல்யாணமாகப் புகை பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்க, முகூர்த்தமில்லாத ஆடியும் மார்கழியும் வருகிற இடத்தில் மட்டும் ஒரு வறட்டு இருமல் வந்து, அடுத்த இருமலில் மறுபடியும் கத்தரிக்காய்க் கொத்சு மணத்தது. அதைக் கண்டு யாரும் மிரளவில்லை. ஊரில் மழை பெய்தால் குடை எடுப்பதுபோல, ஆவுடை வாயில் புகை வந்ததும் அவரவர் கல்யாணப் பத்திரிகையைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து, தேதி எப்போது வரும் என்று கணக்குப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

மகளைத் துபாய்க்கு அனுப்பிவிட்ட உரக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். மனைவியைப் பறிகொடுத்த ஒரு பஸ் கண்டக்டர் தன் கல்யாணத்துப் புகை வந்தபோது கையைக் கட்டிக்கொண்டு நின்று, "அன்னைக்கு அவ ரெண்டு மட்டம் ரசம் கேட்டாக்கா," என்று மட்டும் சொன்னார், அவரை நான் குறை சொல்ல மாட்டேன், அழ இடம் கிடைக்காதவன் எங்கே வேண்டுமானாலும் அழுவான். ஆனால் மற்றவர்கள் இருக்கிறார்களே! "இன்னொரு மட்டம் இருமுங்கக்கா, பாயசம் சரியா பிடிபடல்ல." "அடியிலருந்து இருமுங்க, மேலாப்ல வருது." அவள் விலாவைப் பிடித்துக்கொண்டு இருமுவாள், கண் இரண்டும் வெளியே வந்துவிடுகிற மாதிரி இருமுவாள், உதடு நாவற்பழம் தின்ற நிறத்துக்கு வந்துவிடும், அவர்கள் மூக்கை நீட்டிக்கொண்டு, "ஆகா, பெருங்காயம்!" என்பார்கள்.

ஒரு வாரத்தில் சங்கத் தலைவர் பால்வண்ணன் அண்ணாச்சி மண்டப வாசலில் பந்தல் போட்டு, மணமக்கள் உட்காருகிற சிவப்பு நாற்காலியையே தூக்கிப்போட்டு, அதில் ஆவுடையை உட்காரவைத்தார். அண்ணாச்சி கெட்டவர் இல்லை, யாரையும் வாடா போடா என்று பேசாதவர், அதுதான் வயிற்றெரிச்சல். கெட்டவனென்றால் நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம். "நம்ம சங்கத்துப் பொக்கிசம்லா நீ," என்று அவர் சொன்னபோது ஆவுடைக்கும் உச்சி குளிர்ந்துதான் போனது. இருபத்தாறு வருஷமாகத் தன் முகத்தைப் பார்க்காத ஊர் தன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதே என்று அவளுக்குப் பெருமை. பொய் சொல்வானேன், இருந்தது.

கூட்டத்திலேயே ஒரே ஒருத்தி மோப்பம் பிடிக்க வராதவள், அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் ஜெசிந்தா. சீருடையோடு வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "எக்கா, ராத்திரி நீட்டிப் படுக்க முடியுதா?" என்று கேட்டாள். ஆவுடைக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெசிந்தா அவளைப் பஸ் ஏற்றி மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு மெஷினில் பொருத்திய குழாயை வாயில் வைத்து, மூச்சை நன்றாக இழுத்து, இருக்கிறதையெல்லாம் ஊது என்றார்கள். உலகத்துக் கல்யாணத்துக்கெல்லாம் அடுப்பு ஊதினவள், அந்தக் குழாயை ஊதமாட்டாமல் திணறினாள். பெரிய டாக்டர் மெஷின் வரைந்து தந்த கோட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று எழுதினார்.

"பீடி குடிச்சாத்தான் வரும்னு எவன் சொன்னான்?" திரும்பும்போது பஸ்ஸில் ஜெசிந்தா பொரிந்தாள். "அடுப்புப் புகைய வருசக்கணக்கா முழுங்கினா பொம்பளைக்கும் வரும்க்கா, நெறைய பேருக்கு வருது, ஆஸ்துமா, சளி, வயசுன்னு சொல்லிட்டே செத்துப்போறாவ. உங்க மூச்சுக்குழாய் சுருங்கிட்டு, உள்ள போன காத்து வெளிய வரமாட்டாம தேங்கிக் கெடக்கு. கெட்டது கெட்டதுதான், திரும்பாது. ஆனா இதுக்கு மேல கெடாம நிறுத்தலாம். இந்த இன்ஹேலர காலைலயும் ராத்திரியும் ரெண்டு ரெண்டு இழுப்பு, விடாம. அடுப்படிப் பக்கம் தலைய வைக்கப்படாது."

இன்ஹேலரைப் பார்த்ததும் ஊர் மொத்தமும் டாக்டராகிவிட்டது. "அது பழகிட்டுன்னா சாகுற வரைக்கும் விடாது." "அத இழுத்தவங்க யாரு பொழச்சிருக்கா?" சோறும்தான் சாகிற வரைக்கும் பழகியிருக்கிறது, அதை எவனாவது விட்டானா? அண்ணாச்சி மட்டும் தணிந்த குரலில் பேசினார். "ஆவுடை, அத இழுத்தா புகை நின்னு போவும்லா? தை மாசம் எம்பேத்தி கல்யாணம். நீ மேடைல இருந்து ஒரு வாய் புகை விட்டு வாழ்த்தணும்னு சம்பந்தி வீட்டுலேயே கேட்டிருக்காவ. அதுமட்டும் பொறுத்துக்க. அடுப்புக்கு நீ போவாண்டாம், ராணி மாதிரி இரு. உம்மவ சும்மாதான இருக்கா, அவள அனுப்பு."

மகள் முப்பிடாதிக்கு இருபத்திமூணு வயசு, கைப்பிள்ளைக்காரி. அம்மை போலவே நீளக் குலவை அவளுக்கு. ஆவணி முதல் முகூர்த்தத்தில் அவள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கோட்டை அடுப்புக்கு முன்னால் போய் நின்றாள். ஆவுடை இன்ஹேலரைப் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் குலசாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். அவள் செய்த தப்பு அதுதான். மகளை அங்கே அனுப்பினதை நினைத்துப் பின்னால் தலையில் தலையில் அடித்துக்கொண்டாள், ஆனால் அன்றைக்கு அனுப்பினாள்.

ஐப்பசியில் வந்தது ஒரு சண்டை. ரேஷன்கடைக் கந்தையாவுக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். தன் முறைக்காகத் தினமும் வந்து காத்துக் கிடந்தவர். புகை எழுநூறு கல்யாணத்தைத் தாண்டி, பதினாலு வருஷத்துக்கு முந்தின ஒரு வைகாசிக் கல்யாணத்து மோர்க்குழம்போடு நின்றது. மறுநாள் காலையில் பதினைந்தாவது வருஷம் வரும் என்று பார்த்தால், முதலிலிருந்து உரக்கடைக்காரர் வீட்டுச் சாம்பாரே திரும்ப மணக்கிறது. கந்தையாவும் அவரைப் போல மூத்த தம்பதிகள் பத்துப் பதினைந்து பேரும் திரண்டு வந்தார்கள். "எங்க கல்யாணத்துக்கும் நீதான தீ பாத்த? அவங்களையெல்லாம் நெஞ்சுல வச்சிருக்க, நாங்க என்ன தீண்டப்படாதவங்களா?" என்று கேட்டார் கந்தையா. அவர் மனைவி அழுதே விட்டாள். கேட்டீர்களா இந்த நியாயத்தை? ஒருத்தி நெஞ்சு புகைக்கூண்டாகக் கிடக்கிறது, அதில் எனக்கு ஏன் இடமில்லை என்று வழக்கு.

ஆவுடை ராத்திரி பகல் அதையே யோசித்தாள். அந்த வைகாசிக்கு முன்னால் என்ன? சட்டென்று நினைவுக்கு வந்தது. அந்த வருஷம்தான் மண்டபத்தில் அடுத்தடுத்து மூணு கல்யாணம் நிச்சயத்தோடு முறிந்து, சங்கத்தார் ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டிவந்து காட்ட, அவர் அடுப்படியில் ஆள் உயரத்துக்கு இருந்த தெற்குச் சன்னலைப் பார்த்து, "இது எமன் வர்ற வழி," என்று சொல்ல, மறுநாளே செங்கல் வைத்து அடைத்து, பூசி, அதன் மேல் பிள்ளையார் படம் போட்ட டைல்ஸும் ஒட்டியிருந்தார்கள். எமன் உள்ளே வராமல் அடைத்தாச்சு. புகை வெளியே போக வழி யார் சொல்வது?

பந்தலில் எல்லார் முன்னாலும் அண்ணாச்சியிடம் சொன்னாள். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சாகச் சொன்னாள். "அண்ணாச்சி... சன்னல அடச்சிய. அதுக்கு முந்தின புகை... வயக்காட்டுக்குப் போயிட்டு. பெறகு உள்ளதெல்லாம்... போக எடமில்லாம... எனக்குள்ள வந்துட்டு. அதத் தொறங்க. உள்ள... எம்மவ நிக்கா."

சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். டீ, பருப்புவடை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசினார்கள். தெற்குச் சன்னலைத் திறப்பது சாஸ்திரத்துக்கு விரோதம் என்பது ஒன்று. அதைவிட முக்கியமாக ஒருத்தர் எழுந்து, "சன்னலத் தொறந்துட்டோம்னா, இனிமே நடக்கப்போற கல்யாணத்துப் புகையெல்லாம் வீணாப் போயிருமே, பிற்காலத்துல நம்ம பிள்ளைக எதப் பிடிச்சி மோந்து பாக்கும்?" என்று கேட்டார். எல்லாரும் ஆமா ஆமா என்றார்கள். அப்படிக் கேட்டவர் கந்தையா. தனக்குக் கிடைக்காதது தன் மகனுக்காவது கிடைக்கட்டும் என்று தகப்பன் மனசு. தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வடைத்தாளில் கையைத் துடைத்துக்கொண்டு கலைந்தார்கள்.

தை வந்தது. அண்ணாச்சி பேத்தி கல்யாணம், முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. மேடையில் மணவறைக்கு வலது பக்கம் சிவப்பு நாற்காலியில் ஆவுடை, அண்ணாச்சி எடுத்துக் கொடுத்த மாம்பழ நிறப் பட்டுச் சேலையில். ஏசி போட்ட ஹால், கதவெல்லாம் சாத்தி, ஆயிரம் பேர். தாலி கட்டி முடிந்ததும் நாதஸ்வரம் அடங்க, அண்ணாச்சி மைக்கைப் பிடித்து, "இப்ப நம்ம ஆவுடை..." என்று ஆரம்பித்தபோதுதான் அடுப்படிக் கதவைத் தள்ளிக்கொண்டு முப்பிடாதி வந்தாள். காற்றுக்கு வந்தாள், வேறெதுக்கு? முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தூணைப் பிடித்துக் குனிந்து இருமினாள். கார்த்திகையிலிருந்தே அவளுக்கு இருமல். பனி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நாலாவது இருமலில் முந்தானையைத் தாண்டி, நூல் மாதிரி, புகை வந்தது. போன முகூர்த்தத்து எலுமிச்சஞ்சாதம் ஹால் முழுக்க மணத்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி குலவை போட்டாள். கூடவே பத்துப் பேர், நூறு பேர். ஆண்கள் கை தட்டினார்கள். அண்ணாச்சி மைக்கிலேயே, "நம்ம சங்கத்துக்கு அடுத்த தலைமுறையும் கெடச்சாச்சு!" என்றார்.

ஆவுடை எழுந்தாள். மேடையிலிருந்து அடுப்படிக்கு நாற்பது எட்டு. அந்த நாற்பது எட்டை அவள் மூன்று இடத்தில் நின்று, நாற்காலி முதுகைப் பிடித்து, வாயால் காற்றை இழுத்து இழுத்து நடந்தாள், ஆசீர்வாதம் பண்ணத்தான் போகிறாள் என்று ஜனம் விலகி வழிவிட்டது. அடுப்படிக்குள் கண் தெரியவில்லை. நாலு அடுப்பும் எரிகிறது, சோறு பொங்குகிறது, பாயசம் கொதிக்கிறது. முகூர்த்தத்தன்று பற்றவைத்த அடுப்பைக் கடைசிப் பந்தி எழுகிற வரைக்கும் தண்ணீர் ஊற்றி அணைக்கக் கூடாது, அணைத்தால் அந்தக் குடி விளங்காது என்பது இருபத்தாறு வருஷமாக அவளே மற்றவர்களுக்குச் சொல்லிவந்த விஷயம். அரிசி களைய வைத்திருந்த அண்டாவிலிருந்து வாளியை முக்கினாள். முதல் அடுப்பில் ஊற்றினாள். மூச்சு வாங்க நின்றாள். இரண்டாவது அடுப்பில் ஊற்றினாள். மாஸ்டர், "எக்கா! எக்கா!" என்று ஓடி வருவதற்குள் நாலும் சளசளவென்று அவிந்துவிட்டன.

அண்ணாச்சி பட்டு வேட்டியோடு வந்து நின்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். "அடிப்பாவி, எம்பேத்தி தாலியேறி அர மணி நேரம் ஆகல்லயே. உனக்கு நாங்க என்ன கொற வச்சோம்?"

"எம்மவளுக்கு... குலவ போட்டிய," என்றாள் ஆவுடை. சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அவ மூச்சுமுட்டி நிக்கா... நீங்க கை தட்டுதிய. உங்க பேத்தி இருமினா... டாக்டர். எம்மவ இருமினா... குலவையா? உங்க கல்யாணத்த... நெனப்பு வைக்க... எங்க ஈரக்கொலதான் கெடச்சுதா?"

பதினோரு மணிப் பந்திக்கு இலை போட்டாயிற்றே என்ற கவலைதான் ஜனத்தில் பாதிப்பேருக்கு. மாஸ்டரை அடுப்பைத் திரும்பப் பற்றவைக்கச் சொன்னார்கள். நனைந்த அடுப்பும் நனைந்த விறகும் கக்கின புகையில் மாஸ்டர் இரண்டு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்து, "அந்தச் சுவர ஒடச்சாத்தான் நான் உள்ள போவேன், இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கோங்க," என்று துண்டை உதறித் தோளில் போட்டார். ஆயிரம் பேர் பசி. சங்கத்து ஆட்களே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரையைத் தேடினார்கள். பதினாலு வருஷமாக எமனுக்குப் பயந்தவர்கள் கால் மணி நேரத்தில் பிள்ளையார் டைல்ஸைப் பெயர்த்து, செங்கலை இடித்துத் தள்ளினார்கள். ஆவுடைக்காகவா இடித்தார்கள்? முப்பிடாதிக்காகவா? சாப்பாட்டுக்கு இடித்தார்கள். அதை நான் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ஆவுடை மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய், குலசாமி படத்துக்குப் பின்னாலிருந்து பெட்டியை எடுத்துப் பிரித்து, வாசல்படியில் உட்கார்ந்தாள். அதற்குள் தெரு கூடிவிட்டது, கந்தையா முன்வரிசையில். ஜெசிந்தா சொல்லிக் கொடுத்தபடி மூச்சை வெளியே விட்டு, இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தி, மெல்ல இழுத்து, கண்ணை மூடி, விரல் மடக்கிப் பத்து எண்ணினாள். இன்னொரு இழுப்பு, இன்னொரு பத்து. நாளுக்கு இரண்டு நேரம், மாதக்கணக்காக அவள் இப்படி உட்கார்ந்து இழுக்க வேண்டியிருந்தது, ஒரே நாளில் ஒன்றும் நடந்துவிடவில்லை, புகை மெல்ல மெல்ல மெலிந்து, பங்குனி உத்திரம் கழிந்த ஒரு காலையில்தான் நின்றது. மாடிப்படி அன்றைக்கும் ஏற முடியாது, பேச்சு அன்றைக்கும் துண்டு துண்டுதான். கந்தையா மட்டும் ஒரு நாளும் தவறாமல் வந்துகொண்டிருந்தார். அன்றைக்கு அவள் மூச்சு விட்டதும் கழுத்தை நீட்டி, மூக்கை உறிஞ்சி, மறுபடியும் உறிஞ்சிப் பார்த்தார்.

"என்னக்கா, ஒரு மணமும் இல்லியே," என்றார் ஏமாற்றத்தோடு.

"இது எனக்குள்ளது கந்தையாண்ணே," என்றாள் ஆவுடை. "நீங்க... தள்ளி நில்லுங்க. காத்து வரட்டும்."